வெயிலுக்கு ஆகிற காற்று

விசிறி என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கூரைத் தகரத்தின் சூட்டை அள்ளிக் கீழே கொட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கோகிலவாணி பிளாஸ்டிக் நாற்காலியில் கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள், சேர்த்துத்தான் வைத்திருக்கிறோமா என்று அவ்வப்போது குனிந்தும் பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் இடது கால் தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது, கண் போய்ப் பார்த்துவந்து சொன்னால்தான் உண்டு, கண்ணும் இப்போது, வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். வெளியே கோவை ரோடு வெளுத்துக் கிடந்தது. சித்திரை மாதத்துக் கரூரில் இந்த மதிய நேரத்தில் வீட்டைவிட்டு வருகிறவர்கள் இரண்டு வகை, வேறு வழி இல்லாதவர்கள், புத்தி இல்லாதவர்கள், நாம் இதில் எந்த வகை என்று யோசித்தாள், இரண்டும்தான் என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது, சிரித்துக் குனிந்ததும் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் சர்ரென்று அந்த மின்சாரம் இறங்கியது. இதுவும் பழகிவிட்டது. மனுஷப் பிறவி எதற்கும் பழகிவிடும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், பழகாமல் என்ன செய்வதாம். கார் சாமான் கடை முன்னால் தகரப் பந்தலுக்குக் கீழே அவர்களுடைய வண்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது, அதன் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் புருஷன் தங்கராசு நின்றார். கொசுவலைக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற மனுஷர். போன வருஷம் வரைக்கும் இந்த பானெட்டை எங்கே பிடித்துத் தூக்குவது என்றுகூடத் தெரியாது, சர்வீஸுக்கு விட்ட இடத்தில் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வருவார். இப்போது பேசுகிற பேச்சைக் கேட்டால் பிறந்ததே ஒர்க்‌ஷாப்பில்தானோ என்று தோன்றும்.

"ஏர் ஃபில்டர் ஓப்பன் டைப்புன்னா இழுவை நல்லாருக்கும்ங்ணா. சத்தமும் கெத்தா இருக்கும்," என்றான் கடைக்காரன் அஸ்கர். முப்பதைத் தாண்டாத ஆள், பேசும்போதே துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

"சத்தம் எனக்கு எதுக்கு தம்பி. அது பானெட்டுக்குள்ள இருக்கற சூட்டைத்தான இழுக்கும். எனக்கு வெயிலுக்கு ஆகறதா வேணும்."

"அப்பப் பொட்டி வெச்சதப் போட்டுக்கலாம்ங்ணா. முன்னாடி கிரில்லுகிட்ட இருந்து குழாய் போட்டு வெளிக்காத்தை எடுத்துக்கும்."

"வெளிக்காத்தே கொதிக்குதே."

"அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா."

அதுதானே, அதுக்கு நாம என்ன பண்ண முடியும், அந்தப் பையன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், நாலு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை அவர் காதில் போட யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை என்று அவள் நினைத்தாள். எஞ்சினும் மூச்சு விடும் என்று அவர்தான் ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். அது இழுக்கிற காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி, சூடாக இருந்தால் மெலிசு, மெலிசான காற்றைக் குடித்த வண்டிக்குத் தெம்பு இருக்காது, தெம்பில்லாத வண்டியின் தலையில் ஏசியையும் ஏற்றிவைத்தால் ஏற்காட்டு மலையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நொண்டும். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு ஊரில் எல்லா டிரைவரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு, ஏற்றம் தொடங்கியதும் கை தன்னால் போய் ஏசியை அணைக்கும், ஜன்னலை இறக்குவார்கள், மலைக்காற்று வரட்டும் என்பார்கள், பின்சீட்டுக்காரர்களும் அதை ஒரு சடங்குபோல ஏற்றுக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். அவரால் மட்டும் அது முடியாது. போன வைகாசியில் ஒரு தரம் முடியாமல் போய் அணைத்தார், வண்டி வளைவில் நின்று பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து வேறு வழியில்லாமல் அணைத்தார், மேலே போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இரண்டு காலும் இல்லை, லாட்ஜ் வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார், அவருக்கும் வயசு ஐம்பதை நெருங்குகிறது, மூச்சு வாங்கியது, ரூம் காட்ட வந்த ஆள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பிறகு அவள் கால்கள் தொங்குகிற தொங்கலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தக் காற்றுப் பைத்தியம். போனில் வீடியோ, வீடியோவில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பானெட்டுக்குள் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு பேசுகிறான், அவன் பேசுவது பாதி புரியாமலே இவர் தலையாட்டுகிறார், ஸ்டியரிங்குக்கு அடியில் ஏதோ ஒரு குட்டிப் பெட்டியைச் செருகி அது போனில் காட்டுகிற எண்ணைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார், எஞ்சினுக்குள் போகிற காற்று அறுபதைத் தொட்டிருச்சு வாணி, அறுபத்தெட்டு ஆயிருச்சு வாணி, யாரோ சொந்தக்காரருக்குக் காய்ச்சல் ஏறுகிற மாதிரி.

சூடுதான் அவளுடைய வியாதிக்கு ஆகாது. வியாதிக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பேர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கோயமுத்தூர் டாக்டர் அதைச் சொன்னபோது ஏதோ புதுச் சோப்புப் பேர் மாதிரி இருந்தது. நரம்புன்னா வயர் மாதிரிம்மா, வயர் மேல ரப்பர் உறை இருக்குதில்ல, அது அங்கங்க அரிச்சுப் போயிருக்குது, சூடு ஏறினா கரண்ட் போய்ச் சேராம நடுவுல நின்னுரும், உடம்பு குளிர்ந்தா திரும்பவும் ஓடும், வெயில் புதுசா எதையும் கெடுக்கிறதில்ல, ஏற்கனவே கெட்டதை வெளிய காட்டுது, அவ்வளவுதான். அவ்வளவுதானாம். ஆனால் அவர் பிடித்துக்கொண்டது நடுவில் வந்த அந்த ஒரு துண்டை மட்டும், குளிர்ந்தா திரும்பவும் ஓடும். அப்புறம் வீடு முழுக்கக் குளிர்ச்சிதான். படுக்கையறையில் ஏசி, சமையலறையில் ஏசி, எந்த ஊரில் சமையலறைக்கு ஏசி வைத்திருக்கிறார்கள், தாளிக்கும்போது அணைக்க வேண்டும், தாளித்து முடித்ததும் போட வேண்டும், அவர் ஆபீசிலிருந்து போன் பண்ணிக் கேட்பார், போட்டியா என்று. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அக்கறை எல்லாம் போக வேறு இடம் இல்லாமல் அவள் ஒருத்தி மேலேயே வந்து விழுந்தது, சில நாள் அந்த அக்கறையின் பாரத்தில் அவளுக்கு மூச்சு முட்டும், கொஞ்சம் திட்டுங்களேன், ஒரு நாளாவது சலிச்சுக்குங்களேன் என்று கத்தலாம் போலிருக்கும். இப்போது ஏற்காட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறார், வெயில் முடிகிற வரைக்கும் அவள் அங்கே, அவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து போவது, சமையலுக்கு அங்கேயே ஒரு அம்மா, எல்லாம் பேசியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை புறப்பாடு. மலை ஏறும்போது ஏசியை அணைக்கக்கூடாது. அதற்குத்தான் இந்த வண்டிக்கு நல்ல காற்று வேண்டும், வெயிலுக்கு ஆகிற காற்று, அதை எந்தக் குழாய் வழியாக இழுப்பது என்றுதான் அவர் அங்கே நின்று அந்தப் பையனின் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பொட்டி வெச்சாலும் வளைவுல மெதுவா ஏறறப்ப எதிர்க்காத்து இருக்காதே தம்பி, பொட்டியும் சூடேறிக்குமே."

"ஏறும்ங்ணா. ஆனா ஓப்பன் அளவுக்கு ஏறாது."

"ஓப்பன் ஏறுனா சீக்கிரம் எறங்கிரும்னு ஒருத்தன் சொல்றான்."

"சொல்றவன் ஊர்ல பனி பேயுதுங்ணா."

அவர் சிரிக்கவில்லை. அவர் இதிலெல்லாம் சிரிப்பதில்லை. அவள்தான் இங்கிருந்து சிரித்தாள், சிரித்ததைப் பார்த்து அஸ்கர் தைரியமாகச் சிரித்தான், "பாருங்ணா, அக்காவுக்கே தெரியுது," என்றான், அவர் திரும்பிப் பார்த்து, "வாணி, தண்ணி குடிக்கறயா," என்றார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார், இங்கே எத்தனை சூடு, அவள் எத்தனை நேரம் தாங்குவாள் என்று மனசுக்குள் ஒரு முள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. தெரிந்ததா, தெரிந்ததாக நினைத்துக்கொண்டாளா. அவர் முகம் இப்போது அவளுக்குப் பழைய பேப்பரில் அச்சான போட்டோ மாதிரிதான் இருக்கிறது, பழகின முகமானதால் மிச்சத்தை மனசே போட்டு நிரப்பிக்கொள்கிறது. குடிச்சுட்டேங்க என்றாள். பொய். பாட்டில் மூடியைத் திறக்க விரல் ஒத்துழைக்கவில்லை, அதைச் சொன்னால் ஓடி வருவார், ஓடி வந்தால் கண்ணைப் பார்ப்பார்.

இடது கண் பழைய கதை. அது ஊருக்கே தெரியும். ஒரு மார்கழியில் வலித்தது, கலங்கியது, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள், நிழல் மட்டும் மிஞ்சியது, அது போனது போனதுதான். வலது கண்தான் வீட்டுக்கு இருந்த ஒரே கண். வெயிலில் அது வெளுக்கும், முதலில் சிவப்புப் போகும், அப்புறம் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும், ஏசியில் வந்து உட்கார்ந்தால் காய்ந்த துணியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி மெல்ல ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், கடைசியாகச் சிவப்பு வரும், வந்துருச்சுங்க என்று அவள் சொல்ல வேண்டும், அதற்காகவே அவர் காத்துக்கொண்டு நிற்பார், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி. சிவப்பு. உலகத்தில் எத்தனையோ நிறம் இருக்க இதற்குச் சிவப்பையா முதலில் எடுத்துக்கொண்டு போகத் தோன்றியது. பதினேழு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷேடு பார்த்தவள் அவள், மேசை விரிப்பும் திரைச்சீலையும் சாயப்பட்டறையிலிருந்து வந்து இறங்கினால் முதலில் அவள் கைக்குத்தான் வரும், வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கொண்ட துண்டுத்துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை, ஒரு வார்த்தை. மற்ற நிறத்தில் யார் வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்ளலாம், சிவப்பில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். செங்கல்லுக்கும் துருவுக்கும் நடுவே இருக்கிற சிவப்பு, மாதுளைச் சிவப்பு, மிளகாய் வற்றல் நிறம், மிளகாய் வற்றலிலும் போன வருஷத்துச் சரக்கின் நிறம். இதுல துளி நீலம் கூடியிருச்சுங்க என்று அவள் சொன்னால் பட்டறை முதலாளி வாதாடாமல் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். அப்படிப்பட்ட கண். சித்திரைக்கனி அன்றைக்கு அந்தக் கண்ணைத்தான் விடிகாலையில் அவர் தன் கையால் பொத்தி, பார்த்து வா, நிலைப்படி, பார்த்து வா என்று சாமி ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு, வருஷப் பிறப்பில் கண் விழித்ததும் முதலில் பழத்தட்டைப் பார்க்க வேண்டும், கண்ணாடி முன்னால் மாம்பழம், வாழைப்பழம், மாதுளை, நகை, பூ எல்லாம் வைத்து, அதில் விழித்தால் வருஷம் முழுக்க நல்லது. ராத்திரி முழுக்க ஏசி ஓடியிருந்தது. தரை ஜில்லென்று இருந்தது. உடம்பில் சூடு என்பதே இல்லை. கையை எடுத்தார். தட்டு முழுக்கச் சாம்பல். மாதுளை சாம்பல், மாம்பழம் கொஞ்சம் வெளுத்த சாம்பல், குங்குமச் சிமிழில் அடுப்புக்கரி. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், வரும், இப்போது வரும் என்று நின்றாள், அவர் தோளைத் தொட்டு, எப்படி இருக்குது என்றார், அவள் அழகா இருக்குதுங்க என்றாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும், இப்போது அது வளர்ந்துவிட்டது. வந்துரும் என்று முதல் நாள் விட்டாள், இரண்டாம் நாளும் விட்டாள், பிறகு ஒவ்வொரு நாளும் மறைப்பது அதற்கு முந்தைய நாள் மறைத்ததற்காக மறைப்பது என்று ஆகிவிட்டது. தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுக்கிறாள். குங்குமச் சிமிழ் இடது பக்கம், விபூதி வலது பக்கம், யாரும் மாற்றி வைக்காத வரைக்கும் பிழைத்தாள். டாக்டரிடம் போனால், போனால் என்ன, போன தடவை அவர் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றபோது டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னதுதான் மறுபடியும் கிடைக்கும். வியாதி இப்ப வேற மாதிரி மாறிட்டு வருதும்மா. இது வந்து வந்து போற ரகம் இல்ல, மெல்லப் போயிட்டே இருக்கற ரகம். குளிர்ச்சி பண்ணினாலும் திரும்பாத ஒரு கட்டம் வரும். இப்ப இருக்கற மருந்து அதுக்குப் பெருசா கேக்காது. சாரைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாங்க நானே சொல்லிக்கறேன் என்றாள், தங்கராசு மருந்துப் பையோடு மேலே வந்து, என்ன சொன்னார் என்றார், வெயில்ல போகவேண்டாங்கறார் என்றாள். அவருக்கு அது தேன் மாதிரி இனித்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த முகம். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது, குளிர்ச்சியால் இனி ஒன்றும் இல்லை, ஏற்காடு வேண்டாம், பெட்டியும் வேண்டாம் குழாயும் வேண்டாம், நீங்கள் இந்த நாலு வருஷமாக ஓடின ஓட்டம் எல்லாம் ஓடாமல் இருந்திருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருக்கும் என்று. ஒரு மனுஷரிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டால் அவர் என்ன ஆவார். காலையில் எழுந்து எதைச் சரிசெய்வார். சும்மா உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கப் பார்க்க அவள் குறைந்துகொண்டே போவாள், அவர் பார்க்கிறார் என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் போகும். இதுதான் பயம். குருடாவதோ படுக்கையில் விழுவதோ இல்லை, அதுவும் பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கும் அடியில் இது கிடக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும் தங்கராசு. நேற்றுக் குளிக்கப் போனவர் அந்தச் சிவப்புத் துண்டை எடு வாணி என்றார். கொடியில் நாலு துண்டு, நாலும் ஒரே நிறம். ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அது சிவப்பாகத்தான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் சொல்லியிருப்பாரே. கொஞ்ச நேரம் கழிந்துதான் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அது என்ன, துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாரா, சோப்பு எடுத்திருப்பார், மனுஷன் சோப்பு எடுக்க மாட்டானா.

நாற்காலியின் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டியது. கடையின் சுவர் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்பது கலங்க ஆரம்பித்தது, வெள்ளைக்குள் வெள்ளை, அதில் பஸ் ஒன்று சத்தமாக மட்டும் போனது. வலது கையும் கனத்தது. அஸ்கர் ஏதோ சொல்ல அவர் ஏதோ சொல்ல, கிளாம்ப், பேட்டரிக்குப் பக்கத்தில் இடம், அரை இஞ்ச், வார்த்தைகள் வந்து விழுந்தன. பிறகு பானெட் சாத்துகிற சத்தம், எஞ்சின் சத்தம், அவர் காலடி. "போதும், வா, உள்ள உக்காரு," என்று இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார். "ஏசி போட்டிருக்கேன். அளவெல்லாம் எடுத்தாச்சு. கொஞ்ச நேரம் ஆறிக்கோ, அப்புறம் பேசிக்கலாம்." அவர் உடம்பில் வியர்வையும் கிரீஸும் கலந்த நாற்றம். இந்த நாற்றம் கொசுவலைக் கணக்கருக்கு வரவேண்டியதில்லை. கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்துவார், சத்தம் வராமல், எல்லாவற்றையும் இப்படித்தான்.

குளிர்ச்சி முதலில் முழங்கையில் பட்டது, பிறகு கழுத்து, பிறகு சேலைக்குள் வியர்வை ஜில்லென்று ஆனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் மூடினதாவது நிச்சயம். கையின் கனம் குறைந்தது, விரலை மடக்கினாள், மடங்கியது, இடது கால் தூரத்து உறவுக்காரி மாதிரி இருக்கிறேன் இருக்கிறேன் என்று தலையைக் காட்டியது. டாக்டர் சொன்னது தப்பாக இருக்கலாம், டாக்டர்கள் தப்பே பண்ணாதவர்களா, பத்து நாள் வராதது பதினோராம் நாள் வரக்கூடாது என்று இருக்கிறதா. இது ஒரு புத்தி. கண்ணைத் திறக்கும் வரைக்கும் இந்தப் புத்திக்கு உயிர் உண்டு, அதனால் திறக்காமலே இருந்தாள், ஏசி முனகியது, எஞ்சின் நின்ற இடத்தில் ஓடி ஓடித் தன் சூட்டையே தான் இழுத்துக்கொண்டிருக்கும், போன் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், காட்டட்டும். வரும். வந்துரும். மாதுளை என்று நினைத்தாள், மாதுளைச் சிவப்பை மனசுக்குள் வரவழைத்துப் பார்த்தாள், பட்டறைத் துணியின் ஈர நாற்றம் வந்தது, வடக்கு ஜன்னலின் வெளிச்சம் வந்தது, துணியை விரிக்கிற தன் கை வந்தது, நிறம் மட்டும் வரவில்லை. மனசுக்குள்ளும் போய் எடுத்துக்கொண்டு போகுமா அது, அங்கேயும் கை வைக்குமா. பயந்து கண்ணைத் திறந்தாள். கோடெல்லாம் தெளிவாக இருந்தது. கண்ணாடி, வைப்பர், பந்தல் கம்பம், எதிரே அவர் முகத்தின் மூக்கு, மீசை, எல்லாம் கோடு கோடாகச் சுத்தமாகத் தெரிந்தது, எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. உடம்பு நன்றாகக் குளிர்ந்துவிட்டது, கை மயிர் சிலிர்த்திருந்தது, இதற்குமேல் குளிர என்ன இருக்கிறது.

அவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு குழாய், முழங்கை மாதிரி வளைந்தவை, இரண்டும் ஒரே தடிமன், ஒரே வளைவு. முன்பு காதில் விழுந்த பேச்சிலிருந்து அவளுக்கு இவ்வளவு தெரியும், பெட்டி வைத்ததற்குச் சிவப்புக் குழாய், ஓப்பனுக்குக் கறுப்பு. வெளியிலிருந்து குரல் மங்கலாக வந்தது. "ஆறிட்டியா வாணி."

அவள் தலையாட்டினாள்.

"நல்லா ஆறிட்டியா."

"ஆறிட்டேங்க."

"செரி. பொட்டி வெச்சதே போட்டுக்கலாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். சிவப்புக் குழாய். உனக்குப் பிடிச்சிருக்குதான்னு பாரு. எது அதுன்னு சொல்லு."

சொல்வதற்கு என்ன இருக்கிறது, பிடித்ததை இன்னொருத்தரிடம் காட்டுகிறவர்கள் அதை வலது கையில்தான் பிடிப்பார்கள், அவர் என்றைக்கும் வலது கைக்காரர், கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதும் தனக்குப் பிடித்ததை வலது கையில் தூக்கிக்கொண்டு இடது கைப் புடவையைச் சும்மா ஒப்புக்குக் காட்டினார். ஒரு காலத்தில் அவளிடம் இப்படி யாராவது ஷேடு சொல்லியிருந்தால், கையைப் பார்த்தும் ஆளைப் பார்த்தும் நிறம் சொல்லியிருந்தால், அன்றே வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருப்பாள். இரண்டு குழாயையும் பார்த்தாள். வலது கைக் குழாய் துளி வெளுப்பு மாதிரிகூட இருந்தது. இருந்ததா. அவர் காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கையும் அசையவில்லை, ஏன் இவ்வளவு அசையாமல் நிற்கிறார்.

"இதுதாங்க," என்று கண்ணாடியில் விரலை வைத்தாள். "உங்க வலது கையில இருக்கறது. நல்ல சிவப்பு. வண்டிக்கு எடுப்பா இருக்கும்."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையில் இருந்ததைக் குனிந்து பெஞ்சின் மேல் வைத்தார், கீழே விழாத மாதிரி நன்றாகத் தள்ளி வைத்தார்.

"தம்பி," என்றார். "இதையே போட்டுரு."

"அண்ணா, அது கறுப்புங்ணா. ஓப்பனோடது. வெயிலுக்கு ஆகாதுன்னு இத்தன நேரம் நீங்கதான..."

"பரவால்ல. இதையே போடு."

"அப்ப வண்டிய ஆஃப் பண்ணோணும்ங்ணா. அக்கா உள்ள இருக்காங்க."

"இருக்கட்டும்."

அவளுக்குக் கேட்டுவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. விரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள். அவர் சுற்றிவந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, சாவியைத் திருகி அணைத்தார். ஏசி ஒரு தரம் மூச்சு விட்டு நின்றது. இந்த நாலு வருஷத்தில் அவள் உள்ளே இருக்கும்போது, மலையில் அந்த ஒரு தரம் தவிர, அவர் அதை அணைத்ததில்லை. அஸ்கர் பானெட்டைத் தூக்கினான், கண்ணாடி முழுக்க அது மறைத்துக்கொண்டது, இருவருக்கும் எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இறங்கிப் போய் அவனை அதட்டுவார், அரை இஞ்ச் சரியாக இருக்கிறதா என்று தலையை விடுவார் என்று அவள் காத்திருந்தாள், போங்களேன், போய் ஏதாவது பாருங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் போகவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குளுந்தும் வல்லியா," என்றார்.

"இல்லீங்க."

"நேத்து நீ குடுத்தது பச்சைத் துண்டு."

வியர்வை மறுபடி கழுத்தில் துளிர்த்தது. பானெட்டுக்குள் ஏதோ கழன்று விழுகிற சத்தம் கேட்டது, அஸ்கர் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டான்.

"புழுங்குது. கதவத் திறந்து வெக்கட்டுமா," என்றார்.

"வைங்க."

அவர் எட்டி அவள் பக்கத்துக் கதவைத் தள்ளிவிட்டார். தன் பக்கத்துக் கதவையும் திறந்துவைத்தார். ரோட்டுப் புழுதியோடு வெயில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது.